பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உயிரியற் பல்வகைமைப் பாதுகாப்பு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உயிரியற் பல்வகைமைப் பாதுகாப்பு என்பது தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்துள்ள இவ்விரு மாவட்டங்களின் ஏரிகள், குறுங்காடுகள், மானாவாரி நிலங்கள், புறம்போக்குகள் ஆகியவற்றில் வாழும் உயிரினங்களையும் அவற்றின் வாழிடங்களையும் காப்பதற்கான சட்ட, நிருவாக ஏற்பாடுகளைக் குறிக்கும். இம்மாவட்டங்களில் தேசியப் பூங்காவோ புலிகள் காப்பகமோ இல்லை. இங்குள்ள காட்டுயிர்களில் பெரும்பாலானவை மனிதப் பயன்பாட்டில் உள்ள நிலத்திலேயே வாழ்கின்றன. ஆகவே அவற்றின் நிலை வனத்துறையின் செயல்களால் மட்டுமன்றி, ஏரிக்கு நீர் திறத்தல், சுரங்கக் குத்தகை வழங்கல், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளித்தல் போன்ற உள்ளூர் முடிவுகளாலும் தீர்மானிக்கப்படுகிறது. அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி பறவைகள் காப்பகம் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

1995-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அதிலிருந்து 2001 சனவரி 1 அன்று அரியலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2002-இல் அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் இப்பகுதியின் எல்லைகளாக உள்ளன. மேற்கே பச்சைமலை அமைந்துள்ளது. அதில் தோன்றும் மருதையாறு இரு மாவட்டங்களின் வழியாகவும் பாய்ந்து கொள்ளிடத்தில் கலக்கிறது.

நிலவியல் நோக்கில் இப்பகுதி உலக அளவில் அறியப்பட்டது. கிரீத்தேசியக் காலத்தில் கடலால் மூடப்பட்டிருந்த இந்நிலத்தில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பாறைத் தொகுதிகளை நிலவியலாளர்கள் வகுத்துள்ளனர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருட்டிணன் 1940-இல் இதனைக் கண்டறிந்தார். அந்த இடம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொல்லுயிர் எச்சங்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது.

கல்லங்குறிச்சி முதலிய இடங்களில் பழங்காலச் சிப்பிகள் நிறைந்துள்ள சுண்ணாம்புக்கல்லே சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும் விளங்குகிறது. இதனால் அறிவியல் மதிப்பு மிக்க நிலமும் தொழில் மதிப்பு மிக்க நிலமும் இங்கு ஒன்றாகவே உள்ளன. அந்நிலத்தின் மேற்பரப்பில் உள்ள ஏரி, மேய்ச்சல் நிலம், வயல் ஆகியவற்றின் எதிர்காலமும் இதனோடு பிணைந்துள்ளது.

வாழிடங்கள்

ஏரிகள்: இப்பகுதியின் ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள சோழகங்கம் என்னும் பொன்னேரி முதலாம் இராசேந்திர சோழனால் அமைக்கப்பட்டது. திருமானூர் வட்டாரத்தில் கண்டராதித்தம் ஏரி, சுக்கிரன் ஏரி, கரைவெட்டி ஏரி ஆகியவை உள்ளன. மனிதர் அமைத்த இந்நீர்நிலைகளே இன்று நீர்ப்பறவைகளின் முதன்மை வாழிடங்கள் ஆகும்.

குறுங்காடுகள்: பச்சைமலை அடிவாரத்திலும் வெண்பாவூர் போன்ற இடங்களிலும் உள்ள காப்புக்காடுகள் முட்புதர்களும் வறள்நிலமரங்களும் கொண்டவை. இங்குப் புள்ளிமான்களும் மயில்களும் காணப்படுகின்றன. கோடையில் நீரும் தீவனமும் தேடி மான்கள் வயல்களுக்கு வருகின்றன. அப்போது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் விழுந்தும், சாலைகளில் ஊர்தி மோதியும் அவை இறக்க நேரிடுகிறது.

மானாவாரி நிலங்களும் புறம்போக்குகளும்: பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை பெருமளவில் பயிரிடப்படுகின்றன. இவ்வயல்களும் அவற்றுக்கு இடையேயுள்ள மேய்க்கால் புறம்போக்கு, ஓடைக்கரை, வேலிப்புதர் ஆகியவையும் கௌதாரி, காடை, ஆள்காட்டி முதலிய தரைவாழ் பறவைகளுக்கும் முயல், கீரி, நரி போன்ற விலங்குகளுக்கும் ஏற்ற இடங்களாகும். வருவாய்ப் பதிவேடுகளில் 'தரிசு' என்று குறிக்கப்படுவதால், தொழிற்பேட்டை, குவாரி, சூரிய மின் நிலையம் போன்ற திட்டங்களுக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படுபவை இத்தகைய நிலங்களே.

கரைவெட்டி பறவைகள் காப்பகம்

கரைவெட்டி ஏரி தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே, அரியலூர் செல்லும் வழியில் அமைந்துள்ளது. 453.7 எக்டேர் பரப்புள்ள இவ்வேரி 1999-ஆம் ஆண்டு பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்போது இது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2024 சனவரி மாதம் இது இராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முதன்மை வாய்ந்த சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. இது நீலகிரி மாவட்டத்தின் லாங்வுட் சோலையுடன் ஒரே நேரத்தில் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கு ஏறத்தாழ 198 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை ஆகியவை குளிர்காலத்தில் வலசை வருகின்றன. குள்ளத்தாராவும் இங்குக் காணப்படுகிறது. இவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது வரித்தலை வாத்து ஆகும். மங்கோலியா, திபெத்து முதலிய உயர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை இமயமலையைக் கடந்து தென்னிந்தியா வரை வருகிறது.

நீர் வரத்து

கரைவெட்டி தானாக நிரம்பும் ஏரி அன்று. வடகிழக்குப் பருவமழையுடன், காவிரியிலிருந்து பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலும் இதற்கு நீர் தருகிறது. அவ்வாய்க்காலுக்கான நீர் மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஆகத்து முதல் திசம்பர் வரை விடப்படுகிறது. வலசைப் பறவைகள் வரும் காலம் பெரும்பாலும் நவம்பரில் தொடங்குகிறது. எனவே மேட்டூரின் நீர் இருப்பு, வாய்க்கால் தூர்வாரப்பட்டுள்ளதா என்பது, மேல்மடை ஊர்களின் பயன்பாடு ஆகிய மூன்றும் கரைவெட்டியில் பறவைகள் தங்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. காப்பக எல்லைக்குள் எவ்வளவு சிறந்த காவல் இருந்தாலும் ஏரி வறண்டால் பறவைகள் வேறிடம் சென்றுவிடும்.

எல்லைக்கு வெளியே

ஏரி நீர் சுற்றுவட்டார உழவர்களின் பாசனத்துக்குப் பயன்படுகிறது. நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை ஆகியவை இங்குப் பயிராகின்றன. காப்பகத்தின் எல்லை ஏரியோடு முடிந்தாலும் பறவைகளின் இரைதேடும் எல்லை அதனோடு முடிவதில்லை. நத்தைகுத்தி நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன் ஆகியவை நெல்வயல்களில் நத்தை, நண்டு, பூச்சிகளை உண்கின்றன. வரித்தலை வாத்து புல்லையும் அறுவடைக்குப் பிந்தைய தாள்நிலத்தில் சிந்திய தானியத்தையும் மேய்கிறது. ஆயக்கட்டு நிலம் மனையாகவோ, வேறு பயன்பாட்டுக்கோ மாறும்போது, ஏரி அப்படியே இருந்தாலும் பறவைகளின் உணவுப் பரப்பு குறைகிறது. காப்பகத்தைப் பாதுகாப்பது வனத்துறையின் பொறுப்பு என்றால், ஆயக்கட்டைப் பாதுகாப்பது திட்டமிடல் அமைப்புகளின் பொறுப்பு ஆகும்.

தூர்வாரும் முறை

ஏரிகளைத் தூர்வாருதல் பாசனத்துக்குத் தேவையானது. 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் செயற்படுத்தத் தொடங்கியபின் இப்பணி பரவலானது. எனினும் தூர்வாரும் முறை பறவைகளைப் பாதிக்கக்கூடும். உள்ளான் போன்ற கரைப்பறவைகளும் நாரைகளும் ஆழம் குறைந்த சரிவான விளிம்புகளிலேயே இரைதேடுகின்றன. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்தில் செங்குத்தான கரையுடன் வெட்டினால் கொள்ளளவு கூடும். ஆனால் அத்தகைய விளிம்பு மறைந்துவிடும். மையப்பகுதியை ஆழப்படுத்தி, விளிம்பில் மென்சரிவை விட்டு, எடுத்த மண்ணின் ஒரு பகுதியைக் கொண்டு திட்டுகள் அமைத்து அவற்றில் நாட்டுக் கருவேல் நடுவது இரு தேவைகளையும் நிறைவு செய்யும் முறையாகக் கருதப்படுகிறது. இதனை மதிப்பீடு தயாரிக்கும் நிலையிலேயே சேர்த்தல் வேண்டும். பணி தொடங்கிய பின் மாற்றுவது கடினம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்

அரியலூர் மாவட்டம் சிமெண்டு உற்பத்திக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாடு அரசின் அரியலூர் சிமெண்டு ஆலை 1979-இல் தொடங்கப்பட்டது. தனியார் ஆலைகளும் பல உள்ளன. இவை மாவட்டத்துக்கு வேலைவாய்ப்பும் வருவாயும் தருகின்றன. அதே வேளையில் திறந்தவெளிச் சுரங்கங்கள் மேல்மண்ணை அகற்றுவதோடு ஓடைகளின் போக்கையும் மாற்றக்கூடியவை. ஒரு ஓடை திசைமாறினால் அதன் கீழுள்ள ஏரி நீர்வரத்தை இழக்கும்.

கைவிடப்பட்ட குழிகளில் மழைநீர் தேங்குகிறது. செங்குத்தான பக்கங்களைக் கொண்ட ஆழ்குழிகள் மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்தானவை. பக்கங்களைச் சரித்து, ஓரத்தில் ஆழம் குறைந்த பரப்பை அமைத்து, மேல்மண்ணைத் திரும்ப இட்டு நாட்டு மரங்களை நட்டால் அவை நீர்நிலைகளாகப் பயன்படும். சுரங்கத்தின் இறுதி வடிவம் என்ன என்பது சுரங்க மூடல் திட்டத்தில் குறிக்கப்படுகிறது. அத்திட்டத்தின் படிநிலை வடிவம் தொடக்கத்திலேயே சமர்ப்பிக்கப்படுவதாகும். 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலங்களில் விலங்குகளுக்கும் செடிகொடிகளுக்கும் ஏற்ற வகையில் மீண்டும் புல் வளர்க்கும் நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி சுரங்கம் நடைபெறும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்பட்டது. குத்தகைதாரர்கள் செலுத்தும் இந்நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குச் செலவிடப்பட வேண்டும். குடிநீர், நலவாழ்வு, கல்வி ஆகியவற்றுடன் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் இதன் முன்னுரிமைப் பிரிவுகளுள் ஒன்றாகும். எனவே நீர்வரத்துக் கால்வாய்களை மீட்டல், புதர்க்காடு வளர்த்தல் போன்றவற்றுக்கு மாவட்ட அளவிலேயே நிதி ஒதுக்க இயலும்.

முடிவெடுக்கும் அமைப்புகள்

ஒரே ஊரின் நிலம் பல துறைகளின் கீழ் வருவதால் முடிவுகளும் பல இடங்களில் எடுக்கப்படுகின்றன.

* ஏரிகள்: 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் கீழும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் கீழும் உள்ளன. நீர்வளத் துறை 2021 வரை பொதுப்பணித் துறையின் பிரிவாக இருந்தது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரி எல்லையை அளந்து குறிக்க வழிசெய்கிறது.
* பெருங்கனிமங்கள்: சுண்ணாம்புக்கல் குத்தகையை மாநில அரசு வழங்குகிறது. சுற்றுச்சூழல் அனுமதி தனியாகப் பெறப்பட வேண்டும்.
* சிறுகனிமங்கள்: கருங்கல், கிராவல் போன்றவற்றுக்கான குவாரிகளில் மாவட்ட ஆட்சியரின் பங்கு முதன்மையானது.
* மனைப்பிரிவுகள்: நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதலுக்குப் பின் உள்ளாட்சி அமைப்பு இறுதி ஒப்புதல் அளிக்கிறது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு அடிப்படை ஆகும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது.
* புறம்போக்குகள்: வகைப்பாட்டை மாற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடம் உள்ளது. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என 2011 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.
* காப்புக்காடுகளும் காப்பகங்களும்: வனத்துறையின் கீழ் உள்ளன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் இவற்றுக்குப் பொருந்தும்.

சட்டப் பாதுகாப்பின் எல்லைகள்

காப்பகத்தைச் சுற்றிய நிலம்

2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு, சிறுகனிமச் சலுகை விதிகளைத் திருத்தி, காப்பகங்கள், தேசியப் பூங்காக்கள், காப்புக்காடுகள் ஆகியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரிகளுக்குத் தடை விதித்தது. 2022 திசம்பரில் காப்புக்காடுகளுக்கான தடை மட்டும் விலக்கப்பட்டது. காப்புக்காடுகளை ஒட்டிக் கல்குவாரிகள் அமையக்கூடிய பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கு இம்மாற்றம் முதன்மையானது. சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம் ஆதலால் அதற்கு இவ்விதி பொருந்தாது. எனினும் காப்பகத்திலும் அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என உச்ச நீதிமன்றம் 2022 சூன் மாதம் அளித்த ஆணையும் அதனைத் திருத்திய 2023 ஏப்ரல் ஆணையும் கூறுகின்றன.

பிற ஏரிகள்

2017-ஆம் ஆண்டின் சதுப்புநில (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகள், பாசனத்துக்கெனவோ குடிநீருக்கெனவோ மனிதரால் அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் தம் வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. இப்பகுதியின் ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே பாசன ஏரிகள் ஆகும். கரைவெட்டி, காப்பகமாகவும் இராம்சர் தளமாகவும் இருப்பதால் தனிப் பாதுகாப்பைப் பெறுகிறது. அதே வாய்க்காலில் நீர் பெற்று, அதே பறவைகள் வந்துபோகும் ஏனைய ஏரிகள் அத்தகைய பாதுகாப்பைப் பெறுவதில்லை. ஒரு ஏரியில் நீர் குறைந்தால் பறவைகள் அடுத்த ஏரிக்குச் செல்வதால், அவை தனித்தனி ஏரிகளாக அன்றி ஒரு தொகுதியாகவே செயற்படுகின்றன. அடுத்த ஏரிகள் இல்லாவிடில் காப்பகத்தின் பயனும் குறையும்.

மக்கள் பங்கேற்கும் நிலைகள்

பொதுமக்கள் கருத்துக் கேட்பு

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதனை ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் தகுதிக்குக் குறையாத அலுவலர் தலைமை தாங்குவார். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடப்பட வேண்டும். மதிப்பீட்டின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்கச் செய்யப்பட வேண்டும். கூட்டம் ஒளிப்பதிவு செய்யப்படும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பு உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கப்படும்.

இம்மதிப்பீடுகள் பொதுவாகத் திட்ட இடத்தைச் சுற்றிய 10 கிலோமீட்டர் பரப்பை ஆய்வு செய்பவை. அதில் உள்ள ஏரிகள், ஓடைகள், பறவைகள் ஆகியவை சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்பதை அவ்வூர் மக்களே எளிதில் சரிபார்க்க இயலும். வலசைக் காலத்துக்கு வெளியே கோடையில் மட்டும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் வரித்தலை வாத்து இடம்பெறாது. எழுத்து வடிவில் அளிக்கப்படும் இத்தகைய கருத்துகள் மதிப்பீட்டுக் குழுவின் பார்வைக்குச் செல்லும். திட்ட முன்மொழிபவர் அவற்றுக்கு இறுதி அறிக்கையில் விடையளிக்க வேண்டும்.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு

2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களை அமைத்து, உள்ளூர் உயிரினங்கள், பயிர் வகைகள், மரபறிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் பதிய வேண்டும். இப்பணியை 2020 சனவரி 31-க்குள் முடிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. கெடுவுக்காக விரைந்து நிரப்பப்பட்ட பதிவேடுகள் பொதுப்பட்டியலாக அமைந்துவிடும் குறை உண்டு. எந்த ஏரியில், எந்த மாதத்தில், எந்தப் பறவை என்ற அளவில் எழுதப்பட்ட பதிவேடே திட்ட அனுமதியின்போது சான்றாகப் பயன்படும்.

கிராம சபை

தமிழ்நாட்டில் கிராம சபைகள் ஆண்டுக்கு ஆறு முறை, சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகின்றன. சுரங்கத்தைத் தடுக்கும் நேரடி அதிகாரம் கிராம சபைத் தீர்மானத்துக்கு இல்லை. ஆயினும் அது ஊரின் நிலைப்பாட்டுக்கு எழுத்துச் சான்றாகும்.

பிற மாவட்டங்களுடன் ஒப்பீடு

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் 193.21 எக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தளமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய தங்குதன் கனிமத் தொகுதி நடுவண் அரசால் ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார ஊராட்சிகளின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. 2024 திசம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23 அன்று ஏலம் நீக்கப்பட்டது. முன்னரே மரபுத் தளமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது இப்போராட்டத்துக்கு வலுச்சேர்த்தது.

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் காப்பகம் ஏரியுடன் அதனைச் சுற்றிய 5 கிலோமீட்டர் வட்டத்தையும் உள்ளடக்கியது. 2020-இல் இதனை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்து, எதிர்ப்பை அடுத்துக் கைவிடப்பட்டது. ஏரியுடன் இரைதேடும் வயல்களையும் சேர்த்து எல்லை வகுக்கப்பட்டிருப்பதால் வேடந்தாங்கலின் நிலை கரைவெட்டியின் நிலையிலிருந்து வேறுபடுகிறது.

சிக்கல்கள்

* ஒவ்வொரு குவாரியும் மனைப்பிரிவும் தனித்தனியாக மதிப்பிடப்படுவதால் அவற்றின் கூட்டு விளைவு கணக்கில் வருவதில்லை.
* நீர்வரத்து ஓடைகள் பல இடங்களில் பட்டா நிலங்களின் ஊடே செல்வதால், ஏரியைக் காத்தாலும் ஓடையைக் காப்பது கடினமாகிறது.
* சீமைக்கருவேல், நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவை ஏரிகளில் பரவுகின்றன. முற்றிலும் ஒரே நேரத்தில் அகற்றினால் கூடுகட்டும் பறவைகள் இடமிழக்கும். நாட்டு மரங்கள் வளரும் வேகத்துக்கு ஏற்பப் படிப்படியாக அகற்றல் வேண்டும்.
* பாசனம், பறவைகள் ஆகிய இரு தேவைகளுக்கும் ஏரியில் எவ்வளவு நீர் எந்த மாதம் வரை நிறுத்தப்படும் என்பது உழவர்கள், நீர்வளத் துறை, வனத்துறை ஆகியோர் கூடி முடிவு செய்ய வேண்டியதாகும். வறட்சி ஆண்டுகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது.
* காப்புக்காட்டை அடுத்த திறந்த கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் அமைப்பது குறைந்த செலவில் மான்களைக் காக்கும் பணியாகும். கிணறுகள் தனியாருக்கு உரியவை ஆதலால் ஊராட்சிகளின் முனைப்பின்றி இது நிறைவேறுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* கரைவெட்டி பறவைகள் காப்பகம்
* சாத்தனூர் கல்மரப் பூங்கா
* சோழகங்கம்
* வேடந்தாங்கல் பறவைகள் காப்பகம்
* அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தளம்
* இராம்சர் உடன்படிக்கை